சத்தம் பதிவாகல

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவர் கீபோர்டைப் பத்திச் சொல்லணும். அவருக்கு அது முதல், அப்புறம்தான் நான். வயித்தெரிச்சல்ல பேசுறாளேன்னு நினைச்சா நினைச்சுக்குங்க, வயிறு எரியத்தான் செய்யுது.

பெரிய ஹோட்டல் ஒண்ணுல, ஜனங்க சாப்பிடுற கூடத்துல ஓரமா உக்காந்து வாசிக்கிறது அவர் உத்தியோகம். சாப்பிடுறவங்க பேச்சுக்குக் குறுக்கே வராம வாசிக்கணும். யாராச்சும் திரும்பிப் பாத்துட்டா மேனேஜர் வந்து, "கொஞ்சம் அடக்கி வாசிங்க"ம்பார். இப்படியும் ஒரு பிழைப்பு! வாசிச்சதெல்லாம் ஊரான் மெட்டு.

அவருக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு. வீட்ல இருந்த பழைய கீபோர்டுக்குள்ள அவரே உண்டாக்கி வச்சிருந்த ஒரு சத்தம். கடையில வாங்கும்போது அதுல இல்லாத சத்தம். ஆரம்பத்துல கேக்கச் சகிக்காது. "என்னங்க, பூனைக்கு வயித்துவலியா?"ன்னு அடுக்களையிலிருந்து கத்துவேன். சிரிச்சுக்கிட்டே ஒரு திருகைத் திருகுவார், இன்னொண்ணைத் தள்ளுவார், சேமிச்சு வைப்பார். வருஷக்கணக்கா இதே வேலை. ஒருநாள் நான் கத்தல. கையில இருந்த கரண்டியோட வந்து கதவுகிட்ட நின்னுட்டேன். அந்தச் சத்தத்துக்குன்னே ஒரு மெட்டும் போட்டார். என்னைத் தவிர அதைக் கேட்ட ஆள் கிடையாது.

அப்பதான் வலது கை விரல் மரத்துப்போக ஆரம்பிச்சது. மணிக்கட்டுல நரம்பு அழுந்துது, அறுத்துத்தான் சரி பண்ணணும்னார் டாக்டர். பழையபடி விரல் ஓடுமான்னு கேட்டோம். மனுஷர் பேனாவை மூடிப் பையில சொருகிக்கிட்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த மெட்டை ஒருதடவை பதிவு பண்ணிடணும்"னார் இவர். அவர் வாயைத் திறந்து எதையும் வேணும்னு கேட்டு நான் பாத்ததில்ல.

ரெக்கார்டிங் ரூம் வச்சிருந்தவன் வேற யாருமில்ல, என் கொழுந்தன்தான். விளம்பரத்துக்கு இசை போடுறவன். கெட்டவன்னு சொல்ல மாட்டேன், அண்ணன்மேல உசிரு. ஆனா தனக்குத் தெரியாதது உலகத்துல இல்லைன்னு நினைப்பு. அவன் ரூம்ல இருக்கிற கீபோர்டெல்லாம் ஊமை. எந்தக் கட்டையை அமுக்கினோம், எவ்வளவு அழுத்தினோம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான். சத்தத்தைக் கம்ப்யூட்டர்லேருந்து அப்புறமா எடுத்துப் போர்த்துவான், துணிக்கடையில சேலையைத் தோள்மேல போட்டுக் காட்டுற மாதிரி.

அண்ணன் கீபோர்டுக்கும் அந்த ஊமைகளுக்குச் சொருகுற அதே ஒத்தை ஒயரைத்தான் சொருகினான், சத்தத்துக்குன்னு தனி ஒயர் போடல. இவர் வாசிச்சார். மரத்த விரலை உதறி உதறி, தப்புனா மறுபடி முதல்லேருந்து. வாசிச்சு முடிச்சதும் அவன் கம்ப்யூட்டர்ல தட்டினான். அதே மெட்டு, அதே சத்தம், அச்சு அசலா வந்துச்சு. இவர் கண்ணு கலங்கிட்டார். நானும்தான்.

அது கம்ப்யூட்டர்லேருந்து வரலைங்க. அதே ஒயர் வழியா கம்ப்யூட்டர் இன்ன கட்டை, இன்ன கட்டைன்னு திருப்பிச் சொல்ல, கீபோர்டேதான் மறுபடி வாசிச்சிருக்கு. எங்களுக்கு எங்கே தெரியுது?

ஆபரேஷன் ஆச்சு. கட்டுப்போட்ட கையோட படுத்திருந்தவர்கிட்ட கொழுந்தன் போன்ல கேட்டான். "அண்ணே, உன் பழைய கீபோர்டு இங்க இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு பாட்டு டீச்சர் கேக்குறாங்க, குடுத்துடவா? கை சரியானதும் உனக்கு லேசா ஒண்ணு நானே வாங்கித் தரேன்."

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சில்ல? அப்ப குடுத்துடு"ன்னார் இவர். பக்கத்துலதான் நின்னேன். நானும் தலையை ஆட்டினேன்.

கட்டுப் பிரிச்சதும் நேரா அவன் ரூமுக்குத்தான் போனோம். போட்டுக் காட்டினான். மெட்டு இருந்துச்சு. பல்பொடி விளம்பரத்துல வர்ற மாதிரி ஒரு பியானோ வாசிச்சுது.

"தம்பி, என் சத்தம் எங்கடா?"

"சத்தம்தானே அண்ணே, ஆயிரம் இருக்கு! புல்லாங்குழல் வைக்கவா? இந்தா, வயலின் கேளு. அங்கங்க நீ கொஞ்சம் பிந்தி அடிச்சிருந்தே, அதையெல்லாம் நேராக்கிட்டேன்."

"அந்த கீபோர்டுல இருந்த சத்தம்டா."

"அது பழசு அண்ணே. டீச்சர் புதுசு மாதிரி கேட்டாங்கன்னு உள்ள இருந்ததையெல்லாம் அழிச்சுக் குடுத்துட்டேன்." பெருமையா வேற சொல்றான், பாவி. அவனைப் பொறுத்தவரைக்கும் வேலை சுத்தமா முடிஞ்சிருக்கு. என்னத்தைச் சொல்லித் திட்டறது? "தம்பி, நீ நல்லா இருப்பியா"ன்னு ஆரம்பிச்சேன். இவர் என் கையைப் பிடிச்சு அமுக்கிட்டார்.

அந்த டீச்சர் வீட்டுக்கும் போனோம். நல்ல பொம்பளை, காபி குடுத்தாங்க. இவர் தன் சத்தம் இருந்த பொத்தானை அமுக்கினார். ஊர்வலத்துல ஊதுற மாதிரி ஒரு டிரம்பெட் வந்துச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திருக ஆரம்பிச்சார். இடது கையால திருகினார். வலது கையால ஒரு கட்டையை அமுக்கிப் பாத்தார், விரல் நிக்கல. டீச்சர்கிட்ட படிக்கிற பிள்ளைங்க பாடத்துக்கு வந்து வரிசையா நிக்கிற வரைக்கும் திருகினார். அப்புறம் எழுந்துட்டார்.

"எப்படிப் பண்ணேன்னு தெரியலடி"ன்னார் மாடிப்படியில. "கேட்டுக் கேட்டு மாத்துனது. எதையும் குறிச்சு வைக்கல."

கொழுந்தன் அந்த மெட்டுக்குப் புல்லாங்குழல் வச்சு, போன்ல சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டான். பெரியப்பா மகன்லேருந்து ஒண்ணுவிட்ட அத்தை வரைக்கும் கைதட்டுற பொம்மை போட்டாங்க. "இத்தனை நாள் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?"ன்னு கேட்டாங்க. இவர் ஒவ்வொருத்தருக்கும் இடது கையால நன்றின்னு தட்டினார். நன்றியாம் நன்றி! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

போனைக் கவுத்து வச்சுட்டு என்னைப் பாத்தார். "அதைக் கேட்டவ நீ ஒருத்திதான். உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம?"

"எப்படி இருந்துச்சு, சொல்லு. சொன்னா மறுபடி பண்ணிப் பாக்குறேன்."

காதுக்குள்ள இன்னும் அப்படியே இருக்கு. சொல்ல வாயைத் திறந்தேன். பூனை மாதிரி இல்லைன்னுதான் வந்துச்சு, அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. அவர் காத்துக்கிட்டே உக்காந்திருந்தார்.