கேட்காமல் எழுதிய 'இல்லை'

தங்கை மகனின் பளுதூக்கும் போட்டி விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். 'உட்கொள்ளும் மருந்துகள்' என்ற கட்டத்தில், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பழக்கத்தில், அவனைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதினேன். கட்டம் காலியாக இருந்தால்தான் விண்ணப்பம் திரும்பி வரும். பொய்யாக இருந்தால் வராது.

மறுவாரம் வேங்கிக்கால் ஜிம்மில் பயிற்சியின்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "தம்பி ஏதாவது மருந்து எடுத்துக்கிறாருங்களா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன் உடனே.

கட்டிலில் மூச்சு வாங்கியவன் கையை உயர்த்தினான். "மாமா, சும்மா இருங்க. சதை ஏற ஊசி போடறேன் டாக்டர். மூணு மாசமா. போன வாரம் கொஞ்சம் ஜாஸ்தி."

இதயம் வீங்கியிருப்பதாகச் சொன்ன டாக்டர், என்ன ஊசி, யார் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனார். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. நான் உட்கார முடியாமல் கதவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். கேட்டிருந்தால், என்னிடமும் சொல்லியிருப்பான்.