வலது பக்கத்துத் தாள்

கடலைக் கொல்லையில் பன்றி இறங்குகிறது என்று மனுப் போட்டு, லைசென்ஸ் எடுத்து, எங்கள் சித்தப்பா ஒரு சின்ன ரைபிள் வாங்கினார். பாயின்ட் டூ டூ என்பார்கள். அதைக்கொண்டு அவர் ஒரு பன்றியையாவது சுட்டதாக எனக்கு நினைவில்லை. பட்டாளத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவருக்குக் குறி பார்த்துச் சுடுவதில் அப்படியொரு ஆசை. அதைவிடப் பெரிய ஆசை, துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களைச் சுடவைப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலூர்ப் பாதையில் இருக்கும் வறண்ட கண்மாய்க்குப் போவோம். செம்மண் கரைக்கு முன்னால் இரண்டு பலகைகள் நட்டிருக்கும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சித்தப்பா கரியால் வட்டம் போட்டுத் தருவார். அதைக் கருவேல முள்ளால் பலகையில் குத்திவைப்போம். இந்தத் துப்பாக்கி தோளில் உதைக்காது, சத்தமும் பட்டாசு அளவுதான், புதிதாகப் பிடிப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். அவர் சொல்லும்வரை விசையில் விரல் படக்கூடாது. சுட்டு முடித்து, துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டிய பிறகுதான் யாரும் பலகைப் பக்கம் நகரலாம். அண்ணன்மார் மூன்று பேர், தபால்காரர், தையல்காரர் என்று பலர் அங்கே வந்து குப்புறப் படுத்துச் சுட்டிருக்கிறார்கள்.

பெண்பிள்ளை நான் ஒருத்திதான். எனக்குப் பன்னிரண்டு வயது. சுமாராகச் சுடுவேன், ஆனால் வருகிறவர்கள் எல்லோரும், பொம்பளைப் பிள்ளை என்ன போடு போடுகிறது பார் என்று வியப்பார்கள். அந்த வார்த்தைக்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வலையபட்டியிலிருந்து வந்தவர், சத்தமாகப் பேசமாட்டார். தூக்குவாளியைக் கீழே வைத்தவரிடம் சித்தப்பா, "நீயும் அஞ்சு தோட்டா போட்டுப் பாரேன்" என்றார். சித்தி வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கின்மேல் படுத்தார்.

"எந்தக் கண்ண மூடச் சொல்றீக?" என்று மட்டும் கேட்டார்.

இடது பலகையில் நான் அப்போதுதான் ஐந்து தோட்டாவையும் மளமளவென்று சுட்டு முடித்திருந்தேன், சித்திக்குக் காட்டுவதற்காக. சித்திக்கு வலது பலகை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அண்ணன்மார் கொட்டாவி விட்டார்கள்.

தாள்களை எடுத்துவருவது என் வேலை. என் தாளில் ஓட்டைகள் மூலைக்கொன்றாகச் சிதறியிருந்தன. ஒன்று தாளிலேயே படவில்லை. சித்தியின் தாளில் ஐந்தும் கரிவட்டத்தின் நடுவில், ஓர் எட்டணாவால் மூடிவிடும் அளவுக்கு நெருங்கி விழுந்திருந்தன. முள்ளைப் பிடுங்கி இரண்டு தாளையும் எடுத்தேன். திரும்பி நடந்த முப்பது அடிக்குள் தாள்களைக் கைமாற்றிக்கொண்டேன். நல்ல தாளை என்னுடையது என்று சித்தப்பாவிடம் நீட்டினேன், மற்றதைச் சித்தியிடம் கொடுத்தேன்.

அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சித்தியிடம், முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். அண்ணன்மார் சிரித்தார்கள். சித்தியும் கொஞ்சம் சிரித்தார். சிதறிய தாளை ஒரு தடவை பார்த்தார், பிறகு சித்தப்பாவிடம் இருந்ததைப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். சித்தி என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"வலது பக்கம் குத்தியிருந்த தாளு எதும்மா?"

"ஒங்க கையில இருக்கே, அதுதான் சித்தி."

"சரி" என்றார்.

அவர் நம்பிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. சித்தப்பா அந்த நல்ல தாளைச் சோற்றுப் பருக்கை தடவி முகப்புச் சுவரில் ஒட்டினார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி என் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று பாராட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி விடியற்காலையிலேயே சமையலை முடித்துவிட்டார். தலையை இறுக்கி முடிந்து, உதறி மடித்த சாக்கோடு வாசலில் வந்து நின்றார். சித்தப்பா கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நீ எதுக்கு? தோட்டாதான் வீணாகும். வெயில்ல அலையாம இரு."

சித்தி சாக்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் அதை வாங்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை. எனக்கும் அப்படியொரு தாள் மறுபடி அமையவில்லை. ஒருநாள் வரும் என்று சித்தப்பா பொறுமையாகத் தோட்டா எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கரையில் ஒரு பெண்ணுக்குத்தான் இடம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே அப்படி நினைத்துக்கொண்டேன். சித்தியின் "சரி"யையும் வெகுநாள் தப்பாகவே புரிந்துவைத்திருந்தேன். வாழவந்து மூன்று மாதமே ஆன ஒருத்தி, அந்த வீட்டுப் பிள்ளையைப் பொய் சொல்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? எனக்குக் கல்யாணமாகி, வேறொரு வீட்டில் நானும் சிலவற்றுக்குச் "சரி" என்று சொல்லவேண்டி வந்தபோதுதான் அது தெரிந்தது.