பார்சலம்மா வாங்கிய தீர்ப்பு நகல்

மறுபடியும் கல்யாணம் செய்துகொள்வது என்று பார்சலம்மா முடிவெடுத்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. முடிவெடுப்பதுதான் மலை, மற்றதெல்லாம் மடு என்று நினைத்திருந்தாள். திருமணப் பதிவு அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி விண்ணப்பத்தை இரண்டு தரம் புரட்டினாள்.

"சாரோட முதல் மனைவி இறப்புச் சான்றிதழ் இருக்கு, சரி. உங்க விவாகரத்துத் தீர்ப்பு எங்கம்மா?"

"அதெல்லாம் முடிஞ்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சே மேடம்."

"வருஷம் எனக்கு வேண்டாம். கோர்ட் முத்திரை போட்ட நகல் வேணும். அது வர்ற வரைக்கும் எங்களைப் பொறுத்தவரை நீங்க இன்னும் அவரோட சம்சாரம்தான்."

கூட நின்றிருந்த மாப்பிள்ளை பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியன். அதிகம் பேசாத மனிதர். வெளியே வந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து பார்சலம்மாதான் சிரித்தாள். "என் பழைய ஆளு உயிரோட இருக்கிறதுதான் இப்ப சிக்கலே!" என்றாள். சிரித்தாளே ஒழிய, 'இன்னும் அவரோட சம்சாரம்' என்ற சொல்லை பஸ் நிறுத்தம்வரை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது பார்சல் அலுவலகத்தால். பதினெட்டு வருடமாக அங்கே வழி தவறிய மூட்டைகளைத் தேடிப் பிடிப்பவள் அவள். முகவரி கிழிந்தது, ஊர் மாறியது, லாரியில் ஏறி இறங்காமலே திரும்பியது எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். "மூட்டைக்குக் கால் கிடையாது. எங்கேயோ ஒரு தப்பான அலமாரியில உக்காந்திருக்கும், அவ்வளவுதான்" என்பாள். பத்துக்கு ஒன்பது தரம் அவள் சொன்னபடியே இருக்கும்.

அந்த வேலைக்கு வருவதற்கு முந்தைய கதை வேறு. புருஷனுக்குக் கோபம் வந்தால் அடிக்க மாட்டான், வையவும் மாட்டான். அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவான். ஒரு மணி நேரமோ, மூன்று மணி நேரமோ, அவன் மனம் இளகும்வரை வாசலில் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பார்க்காதது போலக் கடந்துபோவார்கள். ஒருநாள் காய்ச்சல் அடித்த மூன்று வயதுக் குழந்தையோடு சேர்த்து வெளியே தள்ளினான். அன்றைக்கு அவள் கதவைத் தட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், நடந்தவள்தான், திரும்பவில்லை. பக்கத்துச் சிற்றூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். அப்போது அவளுக்குத் துணையாக யாரும் வரவில்லை. "அடிச்சானா, குடிச்சானா? ஒரு கதவைச் சாத்தினதுக்கா கோர்ட்டு? கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றார் அண்ணன். அன்று சொன்னதை இருபத்திரண்டு வருடமாக, குடும்பம் கூடும் இடத்திலெல்லாம், ஏதாவது ஒரு சாக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். தீர்ப்பு வந்த அன்று வக்கீல், "முடிஞ்சுதும்மா, நிம்மதியா போயிட்டு வா" என்று சொன்னார். அவளும் போய்விட்டாள். கையில் காகிதம் வாங்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, இவளுக்கும் தெரியவில்லை. அந்த வக்கீல் இப்போது உயிரோடு இல்லை.

இரண்டு பஸ் மாறி அந்தச் சிற்றூருக்குப் போனாள். நீதிமன்றம் புதுக் கட்டடத்துக்கு வந்திருந்தது. நகல் பிரிவு ஜன்னலில் மனுவை நீட்டினாள்.

"வழக்கு எண்?" என்றார் பதிவறை குமாஸ்தா.

"தெரியாது சார். வருஷம் தெரியும், ரெண்டு பேர் பேரும் தெரியும்."

உள்ளே போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். மனுவின் பின்பக்கத்தில் 'பதிவேட்டில் காணப்படவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

"அப்படின்னா எனக்கு விவாகரத்தே ஆகலையா சார்?"

"நான் அப்படிச் சொல்லலையேம்மா. பதிவேட்டுல இல்லைன்னுதான் சொல்றேன்."

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவள் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து அதேபோல நான்கு காகிதங்களை எடுத்துக் காட்டினார்.

"எனக்கும் அதே வருஷம்தாம்மா. வரப்பு வழக்கு. தீர்ப்பு என் பக்கம்னு நீதிபதி சொன்னதை இந்தக் காதால கேட்டேன். பக்கத்து வயல்காரன் காகிதத்தைக் காட்டுங்கறான். மூணு வருஷமா நடக்கிறேன், 'இல்லை'ன்னு எழுதின காகிதம்தான் சேருது."

வீட்டுக்கு வந்து காகிதத்தை மகளிடம் கொடுத்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. அம்மாவின் கல்யாணத்துக்கு அம்மாவைவிட அவசரப்பட்டவள் அவள்தான்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல மூட்டை காணோம்னு ஒருத்தர் வந்தா, நீ 'இல்லை'ன்னு எழுதிக் கொடுத்து அனுப்பிடுவியா?"

"அது எப்படி? கடைசியா யார் கையில இருந்துச்சு, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேப்பேன்."

"அதையே உன்கிட்ட கேக்கறேன். தீர்ப்பு சொன்ன அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

பார்சலம்மா தயங்கினாள். அந்த நாளில் ஒரு சங்கதி இருந்தது. அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"தீர்ப்பு கோர்ட்டுல சொல்லலடி. மாட்டாஸ்பத்திரியில சொன்னாங்க."

மகள் வாயைப் பிளந்தாள்.

அந்த வருடம் அடித்த காற்றில் நீதிமன்றத்தின் ஓடுகள் பாதி பறந்துவிட்டன. கூரையைச் சரிசெய்யும்வரை பக்கத்திலிருந்த கால்நடை மருத்துவமனைக் கூடத்தில் நீதிமன்றம் நடந்தது. நீதிபதி தீர்ப்பை வாசிக்க, அடுத்த அறையில் ஊசி போட்ட கன்றுக்குட்டி ஒன்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தது. "மனு அனுமதிக்கப்படுகிறது" என்ற கடைசி வரி மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. மாட்டாஸ்பத்திரியில் புருஷனை அறுத்துக்கொண்டு வந்தவள் என்று யாராவது கேலி பேசுவார்களே என்று அந்த இடத்தை மனதுக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டாள்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"எங்க கிடங்குல தண்ணி புகுந்தப்ப மூணு மாசம் வாடகைக் கொட்டகையில வேலை பார்த்தோம். அந்த மூணு மாசத்துக்குத் தனி நோட்டுப் போட்டோம்டி. இடம் மாறினா நோட்டும் மாறும். அவங்க தப்பான நோட்டுல தேடறாங்க!"

அடுத்த வாரமே ஜன்னலில் போய் நின்றாள். கதையைக் கேட்ட குமாஸ்தா நெற்றியைத் தடவினார்.

"அம்மா, நான் இங்க வந்தே ஒன்பது வருஷம்தான் ஆகுது. எனக்கு மாடும் தெரியாது, ஆஸ்பத்திரியும் தெரியாது. வேலை தலைக்கு மேல கிடக்கு."

"உங்க வேலையைக் குறைக்கத்தான் சார் வந்திருக்கேன். அந்த வருஷத்து ஆள் இங்க யாராவது இருக்காங்களா?"

குரல் கொஞ்சம் உயர்ந்ததால் தலைமை எழுத்தர் அம்மாள் வெளியே வந்தார். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர், சிடுசிடுப்புக்குப் பேர் போனவர். பார்சலம்மா மாட்டாஸ்பத்திரி என்ற வார்த்தையைச் சொன்னதும் அவர் முகம் அப்படியே மாறியது.

"கன்னுக்குட்டி! கத்திக்கிட்டே இருந்துச்சே, அன்னிக்கா உங்க கேஸு? அப்ப நான் புதுசா சேர்ந்த டைப்பிஸ்ட். ஒரு கை டைப் அடிக்கும், ஒரு கை ஈ ஓட்டும். ஆமா, தனிப் பதிவேடுதான் போட்டோம். நானேதான் கோடு போட்டேன்."

"அது எங்கே மேடம்?"

"அதுதானே... கூரை போட்டதும் எல்லாத்தையும் பெட்டியில அடைச்சு எடுத்துட்டு வந்தோம். அப்புறம் எனக்கு மாற்றல் வந்துடுச்சு. திரும்பி வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது."

பதிவறைக்குள் வெளியாட்கள் போகக் கூடாது. பார்சலம்மா நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். தலைமை எழுத்தரின் உத்தரவுக்குக் குமாஸ்தா உள்ளே அலமாரி அலமாரியாகப் பார்த்தார். அரை மணி ஆனது. தும்மல் சத்தம் மட்டும்தான் வந்தது.

"சார், வருஷம் வாரியா அடுக்கினதுல பார்க்காதீங்க" என்று அவள் வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். "உங்களோடது இல்லைன்னு நீங்க நினைக்கிற சாமான் ஏதாவது உள்ளே இருக்கா? எடுக்கவும் மனசில்லாம, தூக்கிப் போடவும் மனசில்லாம?"

உள்ளே தும்மல் நின்றது.

"ஒரு தகரப் பெட்டி இருக்கும்மா. ஆனா அது நம்மளது இல்லையே. மேல 'கால்நடை மருத்துவமனை'ன்னு எழுதியிருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்கன்னு அவங்களுக்கு மூணு கடிதம் போட்டிருக்கேன். எங்க பெட்டி இல்லைன்னு பதில் போடறாங்க."

தலைமை எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டியை இரண்டு பேர் இழுத்து வந்தார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது, ஒரு தட்டில் விட்டுவிட்டது. மேலே கோடு போட்ட பதிவேடு. அதன் கீழே துணியில் கட்டிய கட்டுகள், மொத்தம் அறுபத்து மூன்று வழக்குகள். பதினேழாவது வரியில் அவள் பெயர் இருந்தது. குமாஸ்தா விரலை வைத்துக் காட்டினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "வரப்பு வழக்கு ஒண்ணு இருக்கா பாருங்க."

நாற்பத்தோராவது வரியில் இருந்தது. அன்றும் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த பெரியவரை அவளே போய்க் கைபிடித்துக் கூட்டி வந்தாள். அவர் அந்த வரியைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார், தன் பையிலிருந்த நான்கு காகிதங்களையும் எடுத்து ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு, "இதை நீங்களே வச்சுக்கோங்க தம்பி" என்றார். குமாஸ்தா எழுந்து நின்று கும்பிட்டார்.

தலைமை எழுத்தர் அன்று சாப்பாட்டுக்குப் போகவில்லை. நகல் எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு வாசித்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தி, சாயங்காலத்துக்குள் கையில் கொடுத்தார். பார்சலம்மா பஸ் நிலையத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். கன்றுக்குட்டி கத்தியதில் அன்று கேட்காமல் போனதெல்லாம் அதில் இருந்தது.

'மனுதாரர் பதினான்கு விசாரணை நாட்களிலும் சிறு குழந்தையுடன் தவறாமல் முன்னிலையானார். அவரது சாட்சியத்தில் ஒரு சொல்லையும் ஐயப்பட இந்நீதிமன்றம் காரணம் காணவில்லை. சொந்த வீட்டு வாசலில் ஒருவரை மீண்டும் மீண்டும் நிறுத்துவது, அடிப்பதற்குச் சற்றும் குறையாத கொடுமை. இதற்கு மேல் அவர் பொறுத்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்வதற்கில்லை.'

கடைசி வாக்கியத்தை எத்தனை தரம் வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாள்.

மறுநாள் காலையில் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னத்தில் நுரை.

"அண்ணே, இதைக் கொஞ்சம் சத்தமா வாசி."

"கண்ணாடி இல்லம்மா."

அண்ணி கண்ணாடியைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். அவளுக்கும் இந்த இருபத்திரண்டு வருடக் கதை அலுத்துப் போயிருக்க வேண்டும். அண்ணன் வாசித்தார். முதல் பக்கம் கடகடவென்று போனது. மூன்றாம் பக்கத்தில் குரல் தடுமாறியது. 'எவரும் சொல்வதற்கில்லை' என்ற இடத்தில் நின்றுபோனது. கன்னத்து நுரை காய்ந்து உதிர்ந்தது.

"எவரும்னா நான்தானேம்மா" என்றார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது!

"அன்னிக்கு நான் உன்கூட வந்திருக்கணும். ஒரு நாளாவது வந்திருக்கணும்." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து யாரு?"

"என் பொண்ணு ஒண்ணு. இன்னொரு ஆள் வேணும்ணே."

"மணி சொல்லு, வந்துடறேன்."

சொன்ன மணிக்கு அரை மணி முன்னதாகவே, மடிப்புக் கலையாத சட்டையோடு அலுவலக வாசலில் வந்து நின்றார். எலக்ட்ரீஷியனுக்குச் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த அதிகாரி நகலை வாங்கி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேதியைக் கூட்டிக் கழித்து, "சரியா இருக்கும்மா" என்றாள். மகள் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் போட்டது கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்குள் போய்விட்டது.

"என்ன சார் இது, இவ்வளவு பெருசா?" என்று அதிகாரி முறைத்தாள்.

"இருக்கட்டும் மேடம்" என்றாள் பார்சலம்மா. "நல்லாத் தெரியட்டும்."

அதிகாரி சிரித்துக்கொண்டே பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினாள். பார்சலம்மா பேனாவை வாங்கி, தன் முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினாள்.