மூக்காயியின் கண்ணாடிப் பாரி

மூக்காயி வைத்தது எதுவும் முளைக்காது என்பது ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். எங்கள் ஆட்கள் ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் மிகக் குறைவு, அதனால் கிடைத்ததை விடவில்லை. கொழுந்து எடுப்பதில் அவள் கெட்டிக்காரி, ஆனால் அதை யாரும் பேசமாட்டார்கள். பெற்ற மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை என்பதைத்தான் பேசுவார்கள். மூன்றாவது, நடக்கப் பழகிய பிறகு போனது. 

மாரியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். சட்டியில் மண்ணும் எருவும் இட்டு, நவதானியம் விதைத்து, இருட்டு மூலையில் வளர்த்து, திருவிழாவன்று தலையில் சுமந்துபோய் ஆற்றில் கரைப்பார்கள். பாரி எப்படியோ குடும்பம் அப்படி என்று பேச்சு. மூக்காயியின் பாரி இரண்டு வருஷம் தொடர்ந்து அழுகியது. அவள் இருந்தது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில், கடைசிக் காம்பரா என்ற ஒற்றை அறை. கூரை ஒழுகும். நான் கூரையைக் காரணம் சொன்னேன். பாரி வரிசைக்கு முன்னால் நடக்கும் நல்லம்மா கைராசியைச் சொன்னாள். நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

"இந்த வருசமும் அழுகுச்சுன்னா இனிமே நீ பாரி தூக்க வேணாம் மூக்காயி. ஊருக்கு ஆகாது" என்றாள் நல்லம்மா.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம். வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் மூக்காயியின் பாரி முளைத்துவிட்டது. வெளிறின மஞ்சளாக, விரல் நீளத்துக்கு நின்றது. அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

ரத்தம் போதவில்லை என்று தோட்டத்து மருந்துச் சாலைக்குப் போனாள். அங்கே இருந்த சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கலக்கிக் கொடுப்பவர்தான், ஆனால் எல்லோரும் டாக்டரையா என்றார்கள். அவரும் மறுத்ததில்லை. துரை பங்களாவின் முட்டைகளைக் கெடாமல் ஊறப்போட, வாட்டர் கிளாஸ் என்ற கண்ணாடிப் பாகு அவரிடம் இருக்கும். பொழுது போகாமல், அதைத் தண்ணீர்விட்டு ஒரு மிட்டாய்ப் போத்தலில் ஊற்றி, நீல மயில்துத்தக் கல்லும் பச்சை அன்னபேதிக் கல்லும் போட்டு வைத்திருந்தார். அடியிலிருந்து நீலமும் பச்சையுமாகத் தண்டுகள் எழும்பி, வளைந்து, கிளைவிட்டு, நுனியில் மொட்டுப்போல் உருண்டு நின்றன. மூக்காயி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வளர்ந்தது.

"இது என்னா வெதைங்க?"

"விதை இல்லை, உப்பு. கல்லைச் சுத்தித் தோல் கட்டும். தண்ணி உள்ளுக்குப் போய் ஊதும், தோல் வெடிக்கும். வெடிச்ச இடத்திலை திருப்பித் தோல் கட்டும். அப்பிடியே மேலை போகும்."

"உசிரு இருக்குங்களா?"

"இல்லை."

அவள் கெஞ்சிக் கேட்டதால் ஒரு பிடி மயில்துத்தம் கொடுத்தார். பார்த்து ரசிப்பாள் என்று நினைத்தாராம். தோட்டத்தில் யார் எதை ரசிக்கக் கேட்டார்கள்? அவள் நேரே வீட்டுக்குப் போய், பாரி இன்னும் செழிக்கட்டும் என்று அத்தனையையும் பொடித்துச் சட்டியில் எருப்போல் தூவித் தண்ணீர் விட்டாள். திருவிழாவன்று காலையில் பார்த்தால் நாற்று முழுவதும் கருகிக் கிடந்தது. முதல்முறையாகத் தன் கையில் முளைத்ததைத் தானே கொன்றுவிட்டாள்.

சட்டியோடு மருந்துச் சாலை வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். சுந்தரலிங்கம் முதலில் கோபப்பட்டார். பிறகு தான் கொடுத்தது என்பது உறைத்து, இன்னொரு போத்தலில் பாகை ஊற்றினார். கல்லைப் போடப் போனவரை மூக்காயி தடுத்தாள்.

"நான் போடறேங்க."

அவள் போட்டாள். முளைத்தது.

கோயிலில் போத்தலைக் கண்டதும் நல்லம்மா கத்தினாள். "மண்ணு இல்ல, தானியம் இல்ல, இது என்னா பாரி?"

பூசாரி வீரையா குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு வெயிலில் நின்று நியாயம் பேசப் பிடிக்காது. "வளருதா? வளருது. அப்ப பாரிதான். நடங்க."

மூக்காயி போத்தலைத் தலையில் வைத்து, அலுங்காமல் நடந்தாள். அவளால் ஊர்வலமே ஊர்ந்தது, மேளக்காரர்கள் முனகினார்கள். ஆற்றங்கரையில் இறக்கும்போது ஒரு நீலத் தண்டு ஒடிந்து விழுந்தது. அவள் முகம் செத்துப்போனது. சிறிது நேரத்தில் ஒடிந்த இடத்திலேயே மெல்லிசாக ஒன்று துளிர்த்து வளைந்தது. நானும் பார்த்தேன்.

எல்லோரும் பாரியைக் கரைத்தார்கள். மூக்காயி போத்தலைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

"கரைக்கணும்மா. கரைக்காட்டிப் பாரி முடியாது" என்றார் வீரையா.

"இதுக்கு உசிரு இல்லன்னு டாக்டரையா சொன்னாருங்க சாமி. உசிரு இல்லாதது சாவாதில்ல? இது ஒண்ணாச்சும் எங்கிட்ட இருக்கட்டும்."

 வீரையா ஆற்றைப் பார்த்தார். மூன்றாவது பிள்ளை போனபோது அதைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தவள் நல்லம்மாதான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் தன் சட்டியில் மிச்சமிருந்த நாற்றில் ஒரு கொத்தைப் பிடுங்கி மூக்காயியின் கையில் திணித்தாள்.

"இதக் கரைச்சுட்டு, அத வீட்டுக்குக் கொண்டுபோ" என்றாள். குரலில் கடுப்பு குறையவில்லை.

மூக்காயி நாற்றை ஆற்றில் விட்டாள். பிறகு போத்தலைச் சேலைத் தலைப்பால் சுற்றி, பனி படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினாள்.