பெரட்டுக்கு வராத ஆட்டக்காரர்கள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் வீட்டுக்காரரின் தங்கை விட்டுப்போன பிள்ளை. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கூடைப்பந்து பார்ப்பதற்கு மூன்றாம் வகுப்பே அதிகம்.

கூடைப்பந்து எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று பலர் கேட்கிறார்கள், ஏதோ சொறி சிரங்கைப் பற்றிக் கேட்பதுபோல. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று வீடுகள் கட்டியபோது நாங்கள் செமோர் பக்கம் குடிவந்தோம். மூன்றாவது மகளைச் சீனப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே பந்து தொடாத பிள்ளையே கிடையாது. சாயங்காலமானால் தண்ணீர்ப் போத்தலோடு திடலோரம் போய் நிற்பேன். நின்று நின்றே எது சரி, எது தப்பு, நடுவர் எதற்கு ஊதுகிறார் என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. மகள் கல்யாணமானதும் பந்தை விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

இப்போது நான் பார்ப்பது அமெரிக்காக்காரன் ஆட்டம். அவனுக்கு ராத்திரி என்றால் நமக்குக் காலை. வீட்டில் விளையாட்டு அலைவரிசையை மகன் வெட்டிவிட்டான். "டிவி யாரும்மா பாக்குறா? எல்லாம் போன்லயே வருது" என்றான். போனில் பார்த்தால் ஆட்டக்காரன் எறும்பு, பந்து கடுகு. ஆகவே காலையில் பசியாறப் பக்கத்துச் சாலையில் இருக்கும் பாய் கடைக்குப் போய்விடுவேன். பெரிய திரை வைத்திருக்கிறார். ஒரு தோசை, சீனி குறைத்து நுரைக்க ஆற்றிய தே தாரேக், என் ஆட்டம். வேறு என்ன கேட்டேன் இந்த உலகத்தில்?

இந்த வருடம் அதற்கும் ஆள் வந்துவிட்டது. லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவன், எனக்குத் தம்பி வயது. எந்நேரமும் பக்கத்து மேசையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"பாய், காலங்காத்தால இந்த நெட்டக்காலனுங்க ஓடுறத எத்தன நாளைக்குப் பாக்குறது? பழைய பாட்டு போடுங்க லா."

"அக்கா பாக்குறாங்க இல்ல?"

"அக்காவுக்கு இதுல என்ன தெரியும்? சட்டை கலரப் பாக்குறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "சட்டை கலரப் பாத்தே எவன் ஜெயிப்பான்னு சொல்றேன். பந்தயத்துக்கு வாரியா?" என்றேன்.

அன்றைக்கு இறுதிப் போட்டிகளின் முதல் சுற்று தொடங்க இரண்டு நாள் இருந்தது. பதினாறு குழு, எட்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஏழு ஆட்டம் வரை மோதும். முதலில் நான்கு வென்றவன் மேலே போவான், மற்றவன் மூட்டை கட்டுவான். எட்டில் ஐந்து ஜோடிக்கு நான் சரியாகச் சொல்லிவிட்டால், கடைசி ஆட்டம் முடியும்வரை காலைத் திரை எனக்கு. ஐந்து வராவிட்டால் பாட்டு. பாய்தான் நடுவர்.

நான் எப்படிச் சொல்கிறேன் என்று பாய் கேட்டார். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுப்போம். பேர் கொடுத்தவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை. பாதியில் வீட்டுக்குப் போனால் வேலை வாங்கும் மண்டோர் அரைப்பேர் போட்டுவிடுவார், பாதிக் கூலிதான் கிடைக்கும். மூன்றாவதை வயிற்றில் சுமந்துகொண்டு மழைக்காலத்தில் அந்த வரிசையில் நின்றவள் நான். இந்த ஆட்டக்காரர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். வருடம் முழுக்க எவன் வந்தான், எவன் வரவில்லை?

வராதவர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். நல்ல உடம்போடு, கோட்டுப் போட்டுக்கொண்டு, மற்றவன் வேர்வை சிந்துவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பான். கேட்டால், பின்னால் வரும் பெரிய ஆட்டங்களுக்காக உடம்பைச் சேமிக்கிறானாம். உடம்பு என்ன உண்டியலா?

எட்டையும் பாய் கடையிலேயே எல்லார் காதும் கேட்கச் சொன்னேன். சிவப்புச் சட்டை நாலே ஆட்டத்தில் முடிக்கும் என்றேன், முடித்தது. கருப்புச் சட்டையில் ஐந்து பேரும் ஒருவனுக்கொருவன் பந்து கொடுத்து ஆடுகிறவர்கள், அவர்கள் போவார்கள் என்றேன், போனார்கள். முதல் வாரத்தில் லாரிக்காரன் தன் ரொட்டியைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தான்.

அப்புறம் நாறத் தொடங்கியது. மஞ்சள் சட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள் என்று சொல்லியிருந்தேன். அவர்களுடைய பெரிய ஆள் முதல் இரண்டு ஆட்டம் கோட்டோடு உட்கார்ந்து சூயிங்கம் மென்றான். மூன்றாவதுக்கு இறங்கி வந்தான். தலைமுடிகூடக் கலையாமல் தூரத்திலிருந்து பந்தை எறிந்து எறிந்து போட்டான். அதிலிருந்து ஆட்டமெல்லாம் ஜெயித்து மேலே போய்விட்டான். மறுநாள் நான் நம்பிய சின்னப் பையன்கள் குழு இருபது புள்ளி முன்னால் நின்றது. ஜெயித்தாயிற்று என்று அதற்குள் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள், தோற்று மூட்டையும் கட்டினார்கள். தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏழு ஜோடி முடிந்தபோது நான்கு சரி, மூன்று தப்பு. மிச்சம் பச்சைச் சட்டையும் ஊதாச் சட்டையும். நான் சொன்னது பச்சை. அதில் ஒரு குட்டையன், முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு நாள்கூடத் தவறாமல் ஆடியவன். ஊதாவில் இருந்தது பெரிய பேர் வாங்கிய ஒருத்தன், பாதி வருடம் கோட்டோடு கழித்தவன். மூன்றுக்கு மூன்று என்று நின்றது. ஏழாவது ஆட்டத்தில்தான் என் திரையும் தொங்கியது.

பாய் போனைப் பார்த்து, "சனிக்கிழமைன்னு போட்டிருக்கு அக்கா" என்றார். சனிக்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். திரையில் யாரோ காருக்கு மெழுகு விற்றுக்கொண்டிருந்தான். தோசை முடிந்தது, தே தாரேக் முடிந்தது, ஆட்டத்தைக் காணோம். அப்போதுதான் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, அது அவன் ஊரு சனிக்கிழமை ராத்திரி. நமக்கு நாளைக்குக் காலையில லா."

நாளைக்குக் காலையில் எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. அதிலும் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் முறை. காணிக்கைத் தட்டு ஏந்த நான் பேர் கொடுத்திருந்தேன்.

"ஒரு வாரம் போவலன்னா ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாருக்கா" என்றான் லாரிக்காரன்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ கும்பிடுறது முருகன. எங்க ஆண்டவரு உங்கிட்ட வந்து சொன்னாரா?"

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராதவன் வராதவன் என்று ஊரெல்லாம் ஏசிவிட்டு, பேர் கொடுத்த இடத்துக்கு நானே போகாமல் இருந்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும். போனேன். சாமியார் அன்றைக்கென்று பிரசங்கத்தை இழுத்தார். தட்டை ஏந்தி நடந்தபோது கால்கள் பீடத்தை நோக்கிப் போயின, மனம் குட்டையனின் முட்டியைச் சுற்றி வந்தது. அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

பூசை முடிந்து சேலையோடு நேரே கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பாய் கல்லாவில் எதையோ தேடினார். லாரிக்காரன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் எனக்கு மரியாதை கொடுத்ததிலேயே எனக்குத் தெரிந்துபோனது.

"குட்டையன் ஆடினானா?" என்றேன்.

"முழுக்க ஆடினான்கா. கடைசியில கால இழுத்துக்கிட்டே ஓடினான். அந்த ஊதா சட்டைக்காரன்தான்..."

"கடைசிப் பந்து அவன் போட்டானா?"

"போட்டான். போட்டுட்டு சிரிக்கிறான்கா."

சிரிப்பான். வருடமெல்லாம் உட்கார்ந்திருந்தவனுக்குச் சிரிக்கத் தெம்பு இருக்கும். நடந்து தேய்ந்தவனுக்கு எங்கே இருக்கும்? அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் போனதுதான் அன்றைக்குப் பூசையால் கிடைத்த ஒரே புண்ணியம்.

பாய் மேசைக்கு வந்தார். "நாலுன்னா என்ன, அஞ்சுன்னா என்னக்கா. கடைசி வரைக்கும் நீங்களே பாருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"ஆமாக்கா" என்றான் லாரிக்காரன். "பாவம், வயசான காலத்துல..."

மஞ்சள் சட்டைக்காரனும் ஊதாச் சட்டைக்காரனும் சேர்ந்து மூட்டாத வெறுப்பை அந்தப் 'பாவம்' மூட்டியது. இரண்டு வாரம் என்னோடு வாய்க்கு வாய் நின்றவன், தோற்றதும் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறான்.

"எனக்கு அரைப்பேர் போடுறீங்களா?" என்றேன். "அஞ்சுன்னு சொன்னது நானு. வந்தது நாலு. பாட்டப் போடுங்க பாய்."

"அக்கா..."

"போடுங்க!"

அவர் அசையவில்லை. ரிமோட்டை எடுத்து நானே மாற்றினேன். பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு அப்பா வயதுள்ள ஒருத்தன் அவளைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தான். அதையும் கண் எடுக்காமல் பார்த்தேன். தேத்தண்ணியையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இரண்டாம் சுற்று தொடங்கியதிலிருந்து திரையில் பாட்டுத்தான். நானும் போகிறேன், என் இடத்தில்தான் உட்காருகிறேன். கேட்டு வாங்கிய பாட்டை லாரிக்காரன் பார்ப்பதே இல்லை. போனை மூக்கில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறான். நேற்று என் பக்கம் நாற்காலியை நகர்த்தினான்.

"அக்கா, இப்ப எதுக்கு விசிலு? இவன் ஒண்ணுமே செய்யல்லியே?"

"எனக்கு என்ன தெரியும்? நான் சட்டை கலர பாக்குறவ."

"விளையாடாதீங்கக்கா. நீங்க பாத்து சொல்லுங்க, யாரு ஜெயிப்பா?"

"நீ கேட்ட பாட்டு ஓடுது. அதப் பாரு" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்தேன். எவன் ஜெயிப்பான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லமாட்டேன்.

அவ்வளவுதான். பேத்தி, நான் சொன்னபடியே எழுதினியா? எழுதினத மொதல்லேருந்து சத்தமா படி, கேக்குறேன். நடுவுல எங்கயாவது 'பாவம் பாட்டி'ன்னு நீயா சேத்திருந்தா, இப்பவே அடிச்சிடு.