கார்டின் முதல் வரி

இன்று புளியில் கொட்டை தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கொட்டை தரையில் தெறித்து ஓடிய சத்தம் கேட்டதும் கை நின்றுவிட்டது. அதை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டில் தேய்த்தேன். சுட்டது.

சின்ன வயதில் அப்படித் தேய்த்த கொட்டைகள்தான் எங்களுக்குப் பகடை. உத்திரமேரூர் கடைத்தெரு துணிக்கடைக்காரர் மகள் பர்வீனும் நானும், மாதாமாதம் ஒரு சிறுவர் இதழின் நடுப்பக்க விளையாட்டில், அவள் ராணியாகவும் நான் திருடியாகவும் மாறிக் குகைகளைக் கடப்போம். ஒரு மாதம் விளையாட்டைத் தூக்கிவிட்டு, பரீட்சை வினாவிடை போட்டுவிட்டார்கள். எங்கள் இருவருக்குமாக நான்தான் இதழின் ஆசிரியருக்குக் கார்டு எழுதினேன்.

"எடுத்த எடுப்புல திட்டாத. மொதல்ல நல்லதா ஒரு வரி போடு" என்றார் எங்கள் நைனா.

"புதிய இதழ் மிக அருமை" என்று தொடங்கினேன். மீதிக் கார்டு முழுக்கச் சண்டை.

அடுத்த இதழில் என் பெயரோடு கடிதம் வந்தது. அந்த முதல் வரி மட்டும்.

"இன்னாடி, அருமையா இருக்குதா உனக்கு?" என்றாள் பர்வீன். நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. தன் கொட்டைகளை என் மடியில் கொட்டிவிட்டுப் போனாள். அப்புறம் விளையாட வரவேயில்லை.

கொட்டையின் தேய்த்த பக்கம் வெளுத்துவிட்டது. அந்த ஆசிரியர் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் இன்னொரு கார்டு எழுதுவேன். இந்த முறை முதல் வரியிலேயே திட்டுவேன்.