கடைசியாகக் கூப்பிடப்பட்டவர்கள்

"மாமா, அம்மா மோசம் போயிட்டா" என்று மகேஸ்வரி அக்காவின் மகள் தொலைபேசியில் சொன்னாள். போர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாவுச் செய்தி கேட்டு மரத்துப்போயிருந்த மனம் இதை மட்டும் தாங்கவில்லை.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது அக்கா. நான் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். பூசை முடிந்து காளாஞ்சி என்ற மரியாதைப் பிரசாதம் கொடுக்கும்போது எந்தக் குடி முதலில், எது பிறகு என்று கூப்பிடுவது என் பொறுப்பு. பறை அடிக்கும் குடும்பங்கள் எப்போதும் கடைசி.

சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாமில் மழைக்குக் கூரையாகக் கட்டத் தறப்பாள் கொடுக்கப் பட்டியல் எழுதச் சொன்னார்கள். கைப்பழக்கத்தில் கோயில் வரிசையிலேயே எழுதிவிட்டேன். கடைசிக் குடும்பங்களுக்குத் தறப்பாள் கிடைக்கவில்லை. அன்று பின்னேரமே மழை கொட்டியது. பறை அடிக்கும் குடும்பத்துத் தங்கம்மாவின் நனைந்த கைக்குழந்தையை அக்கா கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"வண்ணக்கர், இவளை ஆர் கடைசியில எழுதின?"

"வேணுமெண்டு செய்யல்ல அக்கா. வழக்கமாக் கூப்பிடுற வரிசைதான்."

"கடல் வரக்குள்ள வரிசை பார்த்தா வந்த?"

அங்கேயே பட்டியலைக் கிழித்தார். ஆக இளைய பிள்ளை உள்ள வீடு முதலில் என்று, பிறந்த நாட்களை நினைவிலிருந்தே சொல்லிப் புதிதாக எழுதினார். பிள்ளையில்லாத என் வீடு கடைசிக்குப் போனது. எங்களுக்குக் கிடைத்த தறப்பாளும் கைமாறியது. ஆறு மாதம் அவரோடு நான் பேசவில்லை. வெட்கத்தைக் கோபமென்று நினைத்திருந்தேன்.

பிறகு போருக்குள் அகதிகளாக வந்தவர்களுக்கு அவருடைய முறையிலேயே பட்டியல் எழுதினேன். அக்கா சிரித்தார்.

"முகாமில மாத்தினீங்க. கோயில்ல மாத்தேலாதா?"

"பார்ப்பம் அக்கா."

போன மாதம் நோயில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். "பார்த்தீங்களா?" என்றார். நான் மருந்துப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்தவீட்டில் தங்கம்மா வழக்கம்போல வாசல் படலைக்கு வெளியே நின்றார். "உள்ள வாங்க" என்று சொல்ல நினைத்தேன். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அவருடைய மகள், அன்று நனைந்த அந்தப் பிள்ளை, தாயின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிப்போய் அக்காவின் தலைமாட்டில் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த கிழமை திருவிழா. காளாஞ்சிக்கு முதலில் தங்கம்மாவைக் கூப்பிடுவேன் என்று இந்த அஞ்சலியில் எழுதிவிட ஆசை, அக்கா. "பார்ப்பம்" என்று உங்களை ஏமாற்றிய வாய் இது. கூப்பிட்ட பிறகு வந்து சொல்கிறேன். போயிட்டு வாங்க அக்கா.